இரண்டு எண்ணெய்கள்: மலைச் சைக்கிளின் ஃபோர்க்கை வீட்டில் பிரிப்பது பற்றி

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் கழற்றி, அடியில் ஒரு அலுமினியத் தட்டை வைத்து, இரண்டு அடிபோல்ட்டுகளையும் எடுத்தேன். இடது காலிலிருந்து, பால் தூக்கலாக விட்ட காப்பி நிறத்தில் கொஞ்சம் எண்ணெய் வடிந்தது. வலது காலிலிருந்து ஒன்றும் வரவில்லை. சாய்த்து வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்த பிறகு ஒரே ஒரு சொட்டு விழுந்தது. கருஞ்சாம்பல் நிறம்; விரலில் தேய்த்தால் பொடியாக மினுங்கியது. அந்த ஃபோர்க் பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு முறை கடைக்கும் போய் வந்தது; ரசீதில் ‘ஃபோர்க் சர்வீஸ்’ என்று எழுதிப் பணமும் வாங்கியிருந்தார்கள். வெளியே துடைத்து, சீலின் மேல் ஸ்பிரே அடித்ததைத் தவிர வேறெதுவும் நடந்திருக்க வழியில்லை என்பது அந்தத் தட்டைப் பார்த்தபோது தெரிந்தது.

அன்று முதல், இந்த வேலையை வீட்டில் செய்யலாமா என்பது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். பழைய ஃபோர்க்குகளை வாங்கிப் பிரித்தும் பார்த்திருக்கிறேன். கேட்கக் கிடைக்கும் பதில்கள் மூன்று. தயாரிப்பாளர்கள் படம் போட்ட சர்வீஸ் கையேட்டை எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டு, தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது என்கிறார்கள். கடைக்காரர்கள், உள்ளே கை வைக்காதே என்கிறார்கள். ஓட்டுகிறவர்களில் ஒரு சாரார், எல்லாமே வீட்டில் முடியும் என்கிறார்கள். மூன்று தரப்புமே ஃபோர்க் சர்வீஸ் என்பதை ஒரே வேலையாக நினைத்துப் பேசுகின்றன. அதற்குள் நான்கைந்து வேலைகள் இருக்கின்றன; ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஆபத்திலும் பயனிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எதை வீட்டில் செய்வது, எதைக் கடைக்கு அனுப்புவது என்று பிரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: கையிலிருக்கும் எண்ணெய் என்ன வேலை செய்கிறது?

உள்ளே என்ன இருக்கிறது

ஃபோர்க்கின் அமைப்பு பலரும் நினைப்பதைவிட எளியது. மேலே ஒரு தோள்பட்டை; அதில் இறுக்கிப் பொருத்திய இரண்டு மினுமினுப்பான குழாய்கள். ஸ்டான்ஷன் என்பது அவற்றின் பெயர். அவை கீழே இருக்கும் இரட்டைக் கால்களுக்குள் ஏறி இறங்குகின்றன. கீழ்க்கால்கள் பெரும்பாலும் மெக்னீசியக் கலவையில் வார்த்தவை. எடை குறைவு, ஆனால் மென்மையானவை. ஒவ்வொரு காலுக்குள்ளும் மேலொன்று கீழொன்றாக, குழாயைத் தாங்கி வழுக்கவிடும் இரண்டு புஷ்கள். காலின் வாயில் ரப்பர் தூசி சீல், அதற்குக் கீழே எண்ணெயில் ஊறிய ஸ்பாஞ்சு வளையம். பொதுவாக ஒரு காலில் ஸ்பிரிங் இருக்கும். விலை கூடிய ஃபோர்க்குகளில் அது கம்பிச் சுருளுக்குப் பதில் அடைத்த காற்று. மறு காலில் டாம்பர்.

டாம்பருக்குள் இருக்கும் எண்ணெய் உழைக்கிற எண்ணெய். சக்கரம் கல்லில் ஏறும்போது அந்த எண்ணெய் சிறு துளைகள் வழியாகவும் மெல்லிய தகடுகளை வளைத்துக்கொண்டும் போயாக வேண்டும். ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை வெப்பமாக மாற்றுவது அதுதான். அது இல்லாவிட்டால் ஃபோர்க் குதித்துக்கொண்டே இருக்கும். கீழ்க்கால்களின் அடியில் கிடப்பது வேறு எண்ணெய். புஷ், சீல், ஸ்பாஞ்சு ஆகியவற்றை ஈரமாக வைத்திருப்பதோடு அதன் கடமை முடிந்தது. நவீன ஃபோர்க் ஒன்றில் இதன் அளவு ஒரு காலுக்கு 10 மில்லி சுற்றுவட்டத்தில் இருக்கும்: இரண்டு தேக்கரண்டி. மாடலைப் பொறுத்து 5 மில்லியாகவும் இருக்கலாம், அதற்குப் பல மடங்காகவும் இருக்கலாம். கையேட்டைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். என் தட்டில் விழாமல் போனது இந்த இரண்டு தேக்கரண்டிதான்.

எப்படி இவ்வளவு குறைந்தது

நம் ஊர் இருசக்கர வண்டிப் பட்டறையில் ‘ஃபோர்க் ஆயில் மாற்றணும்’ என்றால் யாரும் மலைக்க மாட்டார்கள். 100 சிசி வண்டியின் ஒரு காலில் ஏறக்குறைய 150 மில்லி எண்ணெய் இருக்கும். அதே எண்ணெய் டாம்பராகவும் உழைக்கும், புஷ்ஷையும் நனைக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்றினாலும் தாங்குகிறது. சைக்கிளின் ஃபோர்க் மட்டும் ஏன் இத்தனை முறை கவனிப்பைக் கேட்கிறது? இதற்கு விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. இந்தக் கேள்வி பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத பகுதியும் அதுவே என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளின் உலகத்திலிருந்து வந்த பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் இருவரும் சேர்ந்து 1989-ல் கொண்டுவந்தது ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 என்ற ஃபோர்க். காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கிய அதன் அசைவு 5 செண்டிமீட்டருக்கும் குறைவு. 1990-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டுராங்கோவில் நடந்த முதல் உலக மலைச் சைக்கிள் போட்டியில், கிரெக் ஹெர்போல்ட் இறக்கப் பந்தயத்தை வென்றது இந்த ஃபோர்க்கில்தான். அதே காலத்தில் அதே மாநிலத்தில் டக் பிராட்பரி உருவாக்கிய மானிட்டூ, எண்ணெயை விட்டுவிட்டு ரப்பர் போன்ற எலாஸ்டோமர் துண்டுகளை ஸ்பிரிங்காக வைத்தது. வீட்டுப் பராமரிப்புக்கு அதைவிட எளிய ஃபோர்க் வந்ததில்லை: கழற்று, துடை, கிரீஸ் தடவு, மாட்டு. ஆனால் குளிரில் அந்தத் துண்டுகள் இறுகிவிடும். திரும்பி வரும் வேகத்தை அடக்கவும் சரியான வழியில்லை.

இத்தாலியில் பொலோன்யா வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் ஃபோர்க் செய்துவந்த மார்சோக்கி, 1997 மாடலாக பாம்பர் இசட்-1-ஐ இறக்கியது. கம்பிச் சுருள் ஸ்பிரிங், 100 மில்லிமீட்டர் அசைவு, ஒரு காலுக்கு நூறு மில்லிக்கு மேல் எண்ணெய். நம் மோட்டார் சைக்கிளைப் போலவே ஒரே எண்ணெய் இரண்டு வேலையையும் பார்த்தது. திறந்த குளியல் என்று இந்த முறைக்குப் பெயர். அழுக்கு உள்ளே போனாலும் அத்தனை எண்ணெயில் கலந்து அடியில் தங்கிவிடும். வருடக்கணக்கில் திறக்காமலே ஓடிய பாம்பர்கள் உண்டு.

பிறகு எடைப் போட்டி வந்தது. 300 மில்லி எண்ணெய் என்றால் ஏறக்குறைய கால் கிலோ. ஃபோர்க் முழுதுமே 2 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று போராடுகிற பொறியாளருக்கு அது பெரிய எடை. தவிர, திறந்த குளியலில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய் ஒழுங்காக அடக்காது. எனவே டாம்பரின் எண்ணெயைத் தனிக் குப்பிக்குள் அடைத்தார்கள். 2014 மாடல் ‘பைக்’ (Pike) ஃபோர்க்கில் ராக்‌ஷாக்ஸ் வைத்த சார்ஜர் டாம்பர், ரப்பர் பை ஒன்றை உள்ளே வைத்து முழுக்க மூடிய அமைப்பு; ஃபாக்ஸ் நிறுவனம் அதற்கு முன்பே அந்த வழியில் போயிருந்தது. அடக்கும் திறன் கூடியது, எடை குறைந்தது. கீழ்க்காலுக்கு மிச்சம் விட்டது இரண்டு தேக்கரண்டி. அவ்வளவு கொஞ்சம் எண்ணெயில் ஒரு துளி மழைநீரும் ஒரு சிட்டிகை செம்மண்ணும் சேர்ந்தால் அதன் குணமே மாறிவிடும்.

ஆக, அடிக்கடி சர்வீஸ் என்பது நாம் விரும்பி வாங்கிய இலேசான எடைக்குத் தரும் விலை. அந்த விலையை யாராவது செலுத்தியாக வேண்டும்.

ஐம்பது மணியா, நூற்று இருபத்தைந்தா

ராக்‌ஷாக்ஸ் கையேடுகள் கீழ்க்கால் சர்வீஸை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கேட்கின்றன. டாம்பரும் ஸ்பிரிங்கும் புதிய மாடல்களில் 200 மணிக்கு ஒருமுறை. ஃபாக்ஸ், 125 மணி அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழு சர்வீஸ் என்கிறது. சேற்றிலும் கரடான இறக்கங்களிலும் ஓட்டுகிறவர்கள் இன்னும் சீக்கிரம் செய்யச் சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு நிறுவனம் பயமுறுத்துகிறது, இன்னொன்று மெத்தனமாக இருக்கிறது என்று பேசுகிறவர்கள் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. வாரத்துக்கு 6 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 50 மணி என்பது எட்டு வாரம், 125 மணி என்பது ஐந்து மாதம். ஞாயிறு மட்டும் 2 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 50 மணி வரவே அரை வருடம் ஆகிவிடும். அவருடைய ஃபோர்க்கில் எண்ணெய் கெடுவது ஓட்டத்தைவிட, நின்றுகொண்டிருக்கும் நாட்களின் ஈரத்தாலும் ஸ்பாஞ்சு காய்ந்துபோவதாலும். வருடக் கெடு அவருக்காகவே வைத்தது.

என் முடிவு: இந்த மணிக்கணக்கை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு, வடித்த எண்ணெயைப் பார்த்து அடுத்த தவணையைத் தீர்மானிக்க வேண்டும். வடிந்தது ஊற்றியபடியே தெளிவாக இருந்தால் இடைவெளியை நீட்டலாம். லேசாகக் கறுத்திருந்தால் தவணை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பால் கலந்த நிறம் தண்ணீர் புகுந்ததைக் காட்டும். அதிக அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் சீலின் மேல் நேராகப் பிடித்துக் கழுவுகிறவர்களுக்கு இது நிச்சயம் நேரும். பழுப்புச் சேறு வந்தால் சீல் போய்விட்டது. சாம்பல் மினுக்கம் மிக மோசம்: உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. வேறு ஒருவர் பட்டறையில் வடிக்கும்போது இந்த நிறங்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. கீழ்க்கால் சர்வீஸை வீட்டில் செய்யச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணம் இதுதான், பணம் இரண்டாவது. மூன்றாவது, எட்டு வாரத்துக்கு ஒருமுறை யாரும் ஃபோர்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போகப் போவதில்லை. எனக்குத் தெரிந்தவரை நன்றாகச் செய்யும் கடை அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. வீட்டில் செய்யாவிட்டால் நடக்கவே நடக்காது என்பதே பெரும்பாலோர் நிலை.

அந்த ஒன்றரை மணி நேரம்

கீழ்க்கால் சர்வீஸுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். தேவையான சாமான்கள் கொஞ்சம்: ஆலன் கீ செட், பிளாஸ்டிக் அல்லது ரப்பர் சுத்தி, ஃபோர்க்குக்கான கைப்பம்பு, டார்க் ரெஞ்ச், மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்ச், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் விடாத துணி, உரிய எண்ணெய், ஃபோர்க் சீலுக்கான கிரீஸ். பட்டறைகளில் கை துடைக்கும் காட்டன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதன் ஒரு நூல் சீலின் உதட்டில் சிக்கினால் போதும், எண்ணெய் கசியத் தொடங்கும். டார்க் ரெஞ்சைத் தவிர்க்கலாமா என்று கேட்பார்கள். தவிர்க்காதீர்கள். அடிபோல்ட்டுகள் உள்ளீடற்ற மெல்லிய தண்டுகளில் ஏறுபவை. பல ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளில் 7.3 நியூட்டன் மீட்டர், ஃபாக்ஸில் 5.65, கை மதிப்பில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

முதலில் சைக்கிளைக் கழுவிக் காயவிட்டு, பிறகே பிரிக்க வேண்டும். காற்றின் அழுத்தத்தையும், திருகுகள் எத்தனை கிளிக்கில் இருக்கின்றன என்பதையும் எழுதிவையுங்கள். ஞாபகத்தில் இருக்கும் என்று நம்பிய எவருக்கும் இருந்ததில்லை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரைப் பிரித்து எட்டக் கட்டிவைத்துவிட்டு, வால்வு ஊசியை மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றவும். அவசரப்பட்டால் மேல் அறையின் காற்று மட்டும் போய், எதிர்ப்புறத்துச் சிறு அறையின் காற்று ஃபோர்க்கைக் கீழே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் விட்டு, லேசாக அழுத்தி, மறுபடி கொஞ்சம் விட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காற்று இருக்கும்போது மேல்மூடியைத் திறக்கக் கூடாது. 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அந்த மூடி முகத்தை நோக்கிப் பாயும். கீழ்க்கால் சர்வீஸுக்கு மேல்மூடியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

திரும்பி வரும் வேகத்தை அடக்கும் ரீபவுண்டு திருகைக் கழற்றிவிட்டு, இரண்டு அடிபோல்ட்டுகளையும் மூன்று நான்கு சுற்று தளர்த்தி, அப்படியே விடுங்கள். முழுதும் எடுத்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் தண்டுகள் கீழ்க்காலின் அடித்துளையில் இறுகப் பொருந்தியிருக்கும். தளர்த்திய போல்ட்டின் தலையில் ரப்பர் சுத்தியால் தட்டினால் அவை விடுபடும். போல்ட் இல்லாமல் தட்டினால் தண்டின் வாய் நசுங்கும். பல பேர் செய்யும் இன்னொரு பிழை, கீழ்க்கால்களை இணைக்கும் வளைவில் சுத்தியால் அடிப்பது. மெக்னீசியம் அதைப் பொறுக்காது. தட்டை அடியில் வைத்துக்கொண்டு போல்ட்டை எடுத்தால் எண்ணெய் வடியும். கீழ்க்கால்கள் இரண்டு கையாலும் இழுத்தால் வந்துவிடும்.

இனி இருப்பது துடைக்கும் வேலை. ஒன்றரை மணியில் ஒரு மணி நேரம் இதற்கே போகும், போக வேண்டும். கீழ்க்காலுக்குள் நீண்ட குச்சியில் துணி சுற்றி, வெள்ளையாக வரும்வரை துடைக்கவும். ஸ்பாஞ்சு வளையத்தை வெளியே எடுத்து, பிழிந்து கழுவி, காயவைத்து, புது எண்ணெயில் ஊறப்போடவும். தூசி சீலின் வெளி விளிம்பைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று இருக்கும்; அது தன் பள்ளத்தில் முழுதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டான்ஷனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்காத கோடு வெறும் தழும்பு. சிக்கினால் அது ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும்.

ஒவ்வொரு முறையும் சீலை மாற்ற வேண்டியதில்லை. மாற்றும்போது, கீழ்க்காலின் வாயைக் கீறாமல் நெம்புவதுதான் முக்கியம். புதுச் சீலை நேராக அழுத்தி இறக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். சரியான விட்டத்தில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்தால் அதே வேலையைச் செய்யும்.

திரும்ப மாட்டும்போது கீழ்க்கால்களை மேல் புஷ், கீழ் புஷ் இரண்டிலும் ஏறும்வரை மட்டும் தள்ளி நிறுத்துங்கள். ஃபோர்க்கைச் சாய்த்துப் பிடித்து, அடித்துளை வழியாகச் சிரிஞ்சால் அளந்த எண்ணெயைச் செலுத்தவும். அளவு கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கீழ்க்காலில் அடைபட்ட காற்றுக்கு இருக்கும் இடத்தை எண்ணெய் எடுத்துக்கொண்டால், அசைவின் கடைசிப் பகுதி காரணமில்லாமல் இறுகும். பிறகு முழுதும் தள்ளி, தண்டு துளையில் தெரிந்ததும் போல்ட்டை ஏற்றவும். போல்ட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றினால், காற்று ஸ்பிரிங் பக்கத்தில் கொஞ்சம் காற்றை அடித்தால் அது அழுந்தி நிற்கும். நசுங்கும் வகை வாஷர் இருந்தால் புதிது போடுவது உத்தமம். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இடையிடையே பத்து முறை அழுத்தி, இரண்டு அறைகளும் சமப்பட விட்டு, எழுதிவைத்த அளவுக்குக் கொண்டுவரவும்.

கடைசியாக, பிரேக் டிஸ்க்கில் ஒரு துளி எண்ணெயும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சக்கரத்தை மாட்டுங்கள். இந்தச் சர்வீஸில் உயிருக்கு ஆபத்தான பிழை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் எண்ணெய் பட்ட பிரேக்கைத்தான் சொல்வேன்.

எந்த எண்ணெய்

இதில்தான் அதிகம் சண்டை; கீழ்க்காலைப் பொறுத்தவரை சண்டைக்கு அவசியம் மிகக் குறைவு. ராக்‌ஷாக்ஸே கீழ்க்காலுக்கு 0டபிள்யூ-30 ரகத்தைச் சொல்லிவந்தது. அந்த எண் முறை எஞ்சின் ஆயிலுக்கு உரியது. ஃபாக்ஸ் 20 வெயிட் ஒட்டும் எண்ணெயைச் சொல்கிறது. இரண்டும் வேலை செய்கின்றன, ஏனென்றால் அங்கே தேவை வழுக்கல் மட்டுமே.

டாம்பருக்குப் போகும் எண்ணெய் அப்படியல்ல. பாட்டிலில் ‘5 வெயிட்’ என்று போட்டிருப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான வரையறை கிடையாது. 40 பாகை செல்சியஸில் சென்டிஸ்டோக்ஸ் கணக்கில் அளந்தால், 5 என்று எழுதிய ஒரு எண்ணெய் 16-ஐ ஒட்டியும், 5 என்றே எழுதிய வேறொன்று 26-ஐத் தாண்டியும் இருக்கிறது. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் ஊற்றினால் ரீபவுண்டு திருகை எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் பழைய நடை வராது. சென்டிஸ்டோக்ஸ் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது தயாரிப்பாளர் சொன்னதையே வாங்க வேண்டும்.

அடுத்த படிகள்

காற்று ஸ்பிரிங் சர்வீஸ் இரண்டாவது படி. கீழ்க்காலை நான்கைந்து முறை பிரித்துப் போட்டவர் இதைத் தாராளமாகச் செய்யலாம். ஸ்டான்ஷனின் அடியில் இருக்கும் சர்க்ளிப்பை எடுத்து, தண்டை உருவி, ஓ-ரிங்குகளை மாற்றிக் கிரீஸ் தடவ வேண்டும். சர்க்ளிப் பிளையர் நழுவித் தண்டில் கீறல் போடுவதுதான் இங்கே வழக்கமான விபத்து. நல்ல பிளையருக்குச் செலவு செய்யுங்கள். கிரீஸை அப்பிவிடுவது இன்னொரு தவறு. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையே காற்றைச் சமப்படுத்த ஸ்டான்ஷனின் உட்சுவரில் ஒரு சிறு குழிவு இருக்கும். கிரீஸ் அதை அடைத்துக்கொண்டால் ஃபோர்க் விறைத்துப்போகும், காரணம் தெரியாமல் நாள்கணக்கில் திண்டாட நேரும்.

டாம்பரைப் பற்றி ஒரே பதில் கிடையாது. பழைய திறந்த குளியல் வகைகளில் எண்ணெயை மாற்றுவது மோட்டார் சைக்கிள் வேலையேதான். ஃபாக்ஸின் கிரிப் டாம்பரில், ஸ்பிரிங் தாங்கிய ஒரு மிதவைப் பிஸ்டன் மிகுந்த எண்ணெயைத் தானே வெளியே விட்டுவிடும். பொறுமை உள்ளவர் வீட்டில் காற்றெடுக்கலாம். ராக்‌ஷாக்ஸும் 2023 மாடல் சார்ஜர் 3-ல் ரப்பர் பையை விட்டு ஸ்பிரிங் தாங்கிய பிஸ்டனுக்கு மாறியது. ரப்பர் பை வைத்த டாம்பர்களில் ஒரு காற்றுக் குமிழி உள்ளே தங்கினாலும் ஃபோர்க் முதல் அங்குலத்தில் தடதடக்கும். அந்த வேலைக்குத் தனிச் சிரிஞ்சுகளும் பிடிப்பான்களும் வேண்டும். 200 மணிக்கு ஒருமுறை வருகிற வேலைக்காக அவற்றை வாங்குவதைவிட நல்ல கடைக்கு அனுப்புவது மேல். நான் அனுப்புகிறேன். பின்பக்க ஷாக்கின் டாம்பரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பல மாடல்களில் உள்ளே உயர் அழுத்த நைட்ரஜன் இருக்கிறது. வீட்டில் திறக்கக் கூடாது.

உலோகத்துக்கு வந்தால் வீடு முழுக்க விலகிக்கொள்ள வேண்டியதுதான். புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் அதை எடுத்துப் புதிதை அழுத்தி, அளவுக்குச் சீராக்கும் கருவி கடையிலேயே எல்லாரிடமும் இருப்பதில்லை. ஸ்டான்ஷன் கீறினாலோ பூச்சு தேய்ந்து நிறம் மாறினாலோ குழாயை மட்டும் மாற்ற முடியாது. தோள்பட்டையோடு சேர்த்து அழுத்திப் பொருத்தியதால் மேல்பாதி முழுதையும் மாற்ற வேண்டும். ஃபோர்க் விலையில் பெரும் பங்கு அந்தப் பாதியில் இருக்கிறது. என் வலது ஸ்டான்ஷனில், பின்புறமாக, கீழ் புஷ் உரசுகிற இடத்தில் விரல் நீளத்துக்குப் பூச்சு வெளுத்திருக்கிறது. எண்ணெய் இருந்திருந்தால் அது வெளுத்திருக்காது.

விலை குறைந்த ஃபோர்க்குகள்

இந்தியச் சாலைகளில் ஓடும் மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பவை இத்தனை நுட்பமான ஃபோர்க்குகள் இல்லை. தைவானின் எஸ்ஆர் சன்டூர் செய்யும் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் போன்றவை அல்லது பெயரில்லாத அவற்றின் சாயல்கள். உள்ளே கம்பிச் சுருள், கிரீஸ். எண்ணெயே இல்லாதவை பல. இவற்றுக்குச் சர்வீஸ் தேவையில்லை என்பது பரவலான எண்ணம். நான் திறந்து பார்த்த அத்தகைய ஃபோர்க்குகளில் முக்கால்வாசியில் கிரீஸ் மண்ணோடு சேர்ந்து கெட்டியாகி, ஸ்டான்ஷன் துருப்பிடித்திருந்தது. பிரித்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தபின் அதே ஃபோர்க் வேறு ஃபோர்க்காக நடந்தது. காற்றும் கிடையாது, அழுத்தமும் கிடையாது. கற்றுக்கொள்ள நினைக்கிறவர் இதில் தொடங்குவது நல்லது. ஸ்பிரிங் அழுந்திய நிலையில் மேல்மூடியை எடுக்காமல் இருந்தால் போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு

சமவெளியில் சர்வீஸ் செய்து மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. கீழ்க்கால்களை மாட்டும்போது அந்த ஊரின் காற்றையும் உள்ளே வைத்து மூடுகிறோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். உதகை 2,240 மீட்டர். மேலே போனதும் வெளிக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறையும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். 35 மில்லிமீட்டர் ஸ்டான்ஷன் இரண்டையும் அது வெளியே தள்ளும் விசை மூன்றரை, நான்கு கிலோ எடைக்குச் சமம். சிறு கற்களுக்கு ஃபோர்க் வளைந்துகொடுக்காது. ஓட்டுகிறவர் ஸ்பிரிங் காற்றைக் குறைத்து, அப்புறம் பெரிய பள்ளத்தில் அடி வாங்குவார். 2021 மாடல் ஃபாக்ஸ் 36, 38 ஃபோர்க்குகளிலும், 2023 முதல் ராக்‌ஷாக்ஸின் உயர் மாடல்களிலும் இந்தக் காற்றை வெளியே விடப் பொத்தான்கள் உண்டு. மேலே போனதும் ஒருமுறை அழுத்தினால் தீர்ந்தது. பொத்தான் இல்லாதவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சீலுக்குள் நுழைத்துக் காற்றை விடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டையோடு மண் உள்ளே போகும், சீலின் உதடும் மடியலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்வீஸையே மலையில் தங்குமிடத்தில் வைத்துச் செய்வது மேல். சாமான்கள் ஒரு துணிப்பையில் அடங்கிவிடும்.

வெயிலும் கணக்கில் வரும். காலை 20 பாகையில் 80 பிஎஸ்ஐ அடித்த ஃபோர்க், பகலில் 40 பாகைக்குச் சூடானால் 86 காட்டும். கோடையில் எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் பம்பை மாட்டிப் பாருங்கள்.

வடித்த எண்ணெய்

இரண்டு காலுக்கும் சேர்த்து 20 மில்லிதானே என்று வாசல் சாக்கடையில் ஊற்றிவிட மனம் வரும். பயன்படுத்திய எண்ணெய் நம் நாட்டின் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. துடைத்த துணியையும் அதோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். நான் ஒரு பழைய தண்ணீர்ப் பாட்டிலில் சேர்த்து, தேதியும் அதன் நிறமும் எழுதி ஒட்டிவைக்கிறேன். பாட்டில் நிறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நிறைந்ததும் தெருமுனை இருசக்கர வண்டிப் பட்டறையில் எஞ்சின் ஆயில் வடிக்கும் டிரம்மில் ஊற்றச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். சென்ற முறை அந்த அண்ணன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இதுல தண்ணி ஏறியிருக்கே தம்பி, சீலைப் பாத்தியா?” என்றார். பார்த்து, மாற்றியிருந்தேன்.